சிலந்திக் கடியும் மனித உடலும்



"சிலந்தி கடித்தால் உடலில் ஏற்படும் விளைவுகளை விளக்குக" என்று ஒரு வினா வந்தால் உங்களிற் பலர் "வலி, வீக்கம், காய்ச்சல், வாந்தி" என்று ஒரு பட்டியலை எழுதிவிட்டு நிறுத்திவிடுவீர்கள். அவ்வாறான விடைக்கு ஓரிரு புள்ளிகளே கிடைக்கும். அறிகுறிகளை மனனஞ் செய்வது கடினம், மறப்பது எளிது. அதற்குப் பதிலாக "நஞ்சு உடலின் எந்த இடத்தில், எந்தப் படியில் தாக்குகின்றது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். அதற்கு விடை தெரிந்தால் அறிகுறிகளும், முதலுதவியும், சிகிச்சையும் தாமாகவே வரிசையாக வரும்.

இதனை விளக்குவதற்கு அவுஸ்திரேலியாவில் வாழும் இரு சிலந்திகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டும் மனிதரின் நரம்புத்தொகுதியையே தாக்குகின்றன. ஆயினும் ஒன்றிற்குச் செய்ய வேண்டிய முதலுதவியை மற்றையதற்குச் செய்யலாகாது. ஏன்? இக்கட்டுரையை வாசித்து முடிக்கும்போது இதற்கான விடையை உங்களால் எழுத முடியும்.

1. சிலந்தி எவ்வகை விலங்கு?

சிலந்தி ஒரு பூச்சி அன்று. பூச்சிகளைப் போல அதுவும் ஆத்திரப்போடா கணத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அது அரக்னிடா வகுப்பில் அடங்கும். தேள், உண்ணி, சிற்றுண்ணி என்பனவும் இவ்வகுப்பிற்குரியவை. வேறுபாடுகளைக் கவனிக்குக:

(அ) பூச்சிக்கு மூன்று சோடிக் கால்கள். சிலந்திக்கு நான்கு சோடிக் கால்கள்.
(ஆ) பூச்சியின் உடல் தலை, நெஞ்சறை, வயிறு என மூன்று பகுதிகளைக் கொண்டது. சிலந்தியின் உடல் தலைநெஞ்சு, வயிறு என இரு பகுதிகளைக் கொண்டது.
(இ) பூச்சிக்கு உணர்கொம்புகள் உண்டு, சிலந்திக்கு இல்லை.

சிலந்தியின் வாயின் முன்னால் ஒரு சோடித் தூக்கங்கள் உள்ளன. இவை கெலிசெராக்கள் எனப்படும். ஒவ்வொன்றின் நுனியிலும் உட்குழிவான ஒரு நச்சுப்பல் உண்டு. நஞ்சுச் சுரப்பியில் உண்டாகும் நஞ்சு ஒரு கான் வழியாக இப்பல்லின் நுனியை அடைந்து இரையினுட் செலுத்தப்படுகின்றது.

2. நஞ்சு எதற்காக?

சிலந்தி நஞ்சை வைத்திருப்பது மனிதரைக் கொல்வதற்காக அன்று. பூச்சி போன்ற சிறிய இரைகளை விரைவாக அசைவற்றதாக்குவதே அதன் பிரதான நோக்கம். தன்னைப் பாதுகாத்துக்கொள்ளவும் அது உதவும்.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022 ஆம் ஆண்டில் 50 000 ஐத் தாண்டியது. ஒரு சில குடும்பங்களைத் தவிர ஏனைய யாவும் நஞ்சுச் சுரப்பி உடையவை. ஆயினும் மனிதருக்குக் கடும் தீங்கு விளைவிப்பவை இவற்றுள் மிகச் சிலவே. இதற்கான காரணங்கள்:

(i) பெரும்பாலானவற்றின் நச்சுப்பற்கள் மனிதத் தோலைத் துளைக்கப் போதியனவல்ல.
(ii) செலுத்தப்படும் நஞ்சின் அளவு மிகக் குறைவு.
(iii) பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு மனித நரம்பையும் அதே அளவிற்குத் தாக்கும் என்பதில்லை.

எனவே "எல்லாச் சிலந்திகளும் ஆபத்தானவை" என்பது பிழையான கூற்று. "எல்லாச் சிலந்திகளும் தீங்கற்றவை" என்பதும் பிழையே.

3. ஒரு சிறு மீட்டல்: நரம்பிற் செய்தி செல்லும் விதம்

மேலே செல்லுமுன் நீங்கள் ஏற்கெனவே கற்றவற்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நரம்புக் கணத்தாக்கம் இரு படிகளில் நிகழ்கின்றது.

படி 1: நரம்பு நார் வழியே செல்லல்.
நரம்புக்கலத்தின் மென்சவ்வில் சோடியம் அயன்களுக்கான கால்வாய்கள் உள்ளன. இவை ஒரு கணம் திறந்து, சோடியம் அயன்களை உள்ளே விட்டு, உடனே மூடிக்கொள்கின்றன. இவ்வாறு திறந்து மூடுவதாலேயே கணத்தாக்கம் நார் வழியே செல்கின்றது.

படி 2: நரம்பு முடிவிடத்தைக் கடத்தல்.
கணத்தாக்கம் நரம்பின் முடிவிடத்தை அடைந்ததும் கல்சியம் அயன்கள் உட்செல்கின்றன. அங்குள்ள சிறு புடகங்கள் அசற்றைல்கோலின் போன்ற ஊடுகடத்தும் பதார்த்தங்களை வெளிவிடுகின்றன. அவை அடுத்துள்ள நரம்பையோ தசையையோ சுரப்பியையோ தூண்டுகின்றன.

இவ்விரு படிகளையும் நன்கு மனதிற் பதித்துக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொண்ட இரு சிலந்திகளுள் ஒன்று பிரதானமாக முதலாம் படியையும் மற்றையது இரண்டாம் படியையும் குழப்புகின்றன.

4. சிட்னிப் புனல்வலைச் சிலந்தி

இது சிட்னி நகரிலும் அதனைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் வாழும் கரிய நிறமான, பருத்த சிலந்தியாகும். நிலத்திலுள்ள ஈரமான பொந்துகளில் வாழும். இதன் விஞ்ஞானப் பெயர் அத்திராக்சு ரொபஸ்ரசு. ஒரே இனம் என நெடுங்காலமாகக் கருதப்பட்ட இது உண்மையில் மூன்று இனங்களைக் கொண்டது என 2025 இல் வெளியான ஆய்வு காட்டியது.

பெண் சிலந்தி பெரும்பாலும் பொந்தை விட்டு வெளியேறுவதில்லை. ஆண் சிலந்தியோ முதிர்ச்சியடைந்ததும் பெண்ணைத் தேடி இரவில் அலைந்து திரியும். அவ்வேளையில் வீடுகளுக்குள்ளும், கழற்றி வைத்த சப்பாத்துகளுக்குள்ளும் புகுந்துகொள்ளும். ஆணின் நஞ்சே மனிதருக்குப் பெண்ணின் நஞ்சிலும் பல மடங்கு கொடியது. 1927 இற்கும் 1980 இற்கும் இடையில் இச்சிலந்தியின் கடியால் 13 மரணங்கள் பதிவாகியுள்ளன. இறந்தவர்களிற் சிறு குழந்தைகளும் அடங்குவர்.

தாக்கும் விதம்: இந்நஞ்சிலுள்ள முக்கியமான நச்சுப் பொருள் 42 அமினோவமிலங்களாலான ஒரு சிறிய புரதமாகும். இது சோடியம் கால்வாய்கள் உரிய நேரத்தில் மூடிக்கொள்வதைத் தடுக்கின்றது. எனவே ஒரு கணத்தாக்கம் செல்ல வேண்டிய இடத்தில் கணத்தாக்கங்கள் மீண்டும் மீண்டும் ஓயாது செல்கின்றன.

அறிகுறிகள்: நரம்பு ஓயாது தூண்டப்பட்டால் என்ன நிகழும் என்று சிந்தித்தாலே இவற்றை எழுதிவிடலாம்.

(அ) உணர்நரம்புகளும் தசைகளும் தூண்டப்படுவதால்: வாயைச் சுற்றிக் கூச்சம், நாவும் தசைகளும் துடித்தல்.
(ஆ) சுரப்பிகள் தூண்டப்படுவதால்: மிகையான வியர்வை, உமிழ்நீர், கண்ணீர்.
(இ) தன்னாட்சி நரம்புத்தொகுதி தூண்டப்படுவதால்: மயிர் சிலிர்த்தல், இதயத்துடிப்பு விரைவடைதல், குருதியமுக்கம் உயர்தல், வாந்தி.
(ஈ) கடுமையான நிலையில்: சுவாசப்பையில் நீர் தேங்கி மூச்சுத்திணறல், குழப்பம், நினைவிழத்தல்.

கடுமையான நஞ்சூட்டத்தில் இவை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே தோன்றிவிடும். ஆகவே இங்கு காலமே உயிர்.

ஒரு வியப்பான உண்மை: மனிதரையும் குரங்குகளையும் கடுமையாகத் தாக்கும் இந்நஞ்சு முயலை அவ்வளவாகத் தாக்குவதில்லை. இதனை நினைவில் வைத்திருங்கள், பின்னர் பயன்படும்.

5. செம்முதுகுச் சிலந்தி

இதன் விஞ்ஞானப் பெயர் லற்றொடெக்ரசு ஹசெல்ற்றி. பெண்ணின் உடல் ஏறத்தாழ 1 cm நீளமானது, கறுப்பு நிறம், முதுகில் ஒரு சிவப்புப் பட்டி. ஆண் மிகவும் சிறியது. மனிதருக்குத் துன்பந் தருவது பெண்ணின் கடியே. கொட்டில்கள், பூச்சட்டிகள், வீட்டிற்கு வெளியே கிடக்கும் பொருட்கள் என்பவற்றின் அடியில் இது வலை பின்னும். அமெரிக்காவின் "கறுப்பு விதவை" எனப்படும் சிலந்தியும் இதே சாதியைச் சேர்ந்ததே.

தாக்கும் விதம்: இந்நஞ்சின் பிரதான பொருள் அல்பா-லற்றொரொட்சின் எனும் பெரிய புரதமாகும். இது நரம்பு முடிவிடத்தின் மென்சவ்வில் துளைகளை ஏற்படுத்துகின்றது. அத்துளைகளினூடாகக் கல்சியம் அயன்கள் கட்டுப்பாடின்றி உட்செல்கின்றன. எனவே கணத்தாக்கம் வராத வேளையிலும் புடகங்கள் ஊடுகடத்தும் பதார்த்தங்களைக் கொட்டித் தீர்க்கின்றன.

அறிகுறிகள்: கடித்தவுடன் வலி சிறிதாகவே இருக்கலாம். பின்னர் அது படிப்படியாக அதிகரித்து, கடிபட்ட கையிலோ காலிலோ மேல்நோக்கிப் பரவும். கடிபட்ட இடத்தைச் சுற்றி மட்டும் வியர்ப்பது இதன் சிறப்பான அடையாளமாகும். குமட்டல், தலைவலி, தசைப்பிடிப்பு, வயிற்றுவலி என்பனவும் ஏற்படலாம். வலி ஒரு நாள் முதல் சில நாட்கள் வரை நீடிக்கலாம். கடும் வேதனை தரினும் இக்கடியால் உயிரிழப்பது மிக அரிது.

6. ஒப்பீடு

பரீட்சையில் "வேறுபாடுகளைத் தருக" என்று கேட்கப்பட்டால் பின்வருமாறு எழுதலாம்.

தாக்கும் படி: புனல்வலைச் சிலந்தி – நார் வழியே கணத்தாக்கம் செல்லும் படி. செம்முதுகுச் சிலந்தி – நரம்பு முடிவிடம்.
குழப்பப்படும் அயன்: முன்னையதில் சோடியம், பின்னையதில் பிரதானமாகக் கல்சியம்.
ஆபத்தான பால்: முன்னையதில் ஆண், பின்னையதில் பெண்.
வேகம்: முன்னையது மிக விரைவு; பின்னையது மெதுவானது.
பிரதான ஆபத்து: முன்னையதில் சுவாசமும் குருதிச் சுற்றோட்டமும் பாதிக்கப்பட்டு உயிரிழத்தல், பின்னையதில் நீடித்த கடும் வலி.

7. முதலுதவி ஏன் வேறுபடுகின்றது?

செலுத்தப்பட்ட நஞ்சு கடிபட்ட இடத்திலிருந்து பெருமளவு நிணநீர்க் கலன்கள் வழியாகவே பரவுகின்றது. நிணநீரைத் தள்ளுவதற்கு இதயம் போன்ற ஒரு பம்பி இல்லை. சூழவுள்ள தசைகள் சுருங்கும்போதே அது முன்னோக்கி நகரும். எனவே அங்கத்தைச் சுற்றி மிதமான அமுக்கத்துடன் பந்தனம் இட்டு, அசையாது வைத்தால் நஞ்சு பரவுவது தாமதமாகும். "அமுக்கி அசையாது வைத்தல்" எனப்படும் இம்முறையை அவுஸ்திரேலிய மருத்துவர் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட் 1979 இல் பாம்புக்கடிக்காக வெளியிட்டார். பின்னர் இது புனல்வலைச் சிலந்திக் கடிக்கும் உரிய முதலுதவியாயிற்று.

புனல்வலைச் சிலந்தி கடித்தால்:
(1) நோயாளியை அசையாது இருக்கச் செய்க.
(2) கடிபட்ட இடத்தின் மேலாக அகன்ற மீள்தன்மைப் பந்தனம் இட்டு, அங்கம் முழுவதையும் சுற்றுக. குருதியோட்டத்தை நிறுத்தும் அளவிற்கு இறுக்கலாகாது.
(3) மட்டை வைத்துக் கட்டி அங்கத்தை அசையாது வைக்க.
(4) உடனே நோயாளர் காவு வண்டியை அழைக்க. மூச்சு நின்றால் இதய-சுவாச மீளுயிர்ப்புச் செய்க.

செம்முதுகுச் சிலந்தி கடித்தால் பந்தனம் இடலாகாது. ஏனெனில் இந்நஞ்சு மெதுவாகவே பரவும். உடனடி உயிராபத்து இல்லை. அமுக்கினால் வலி மேலும் அதிகரிக்கும். துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, வலி கூடினால் வைத்தியரிடம் செல்வதே பொருத்தமானது.

ஒன்றில் நஞ்சைத் தாமதப்படுத்துவது உயிரைக் காக்கின்றது. மற்றையதில் அதே செயல் வேதனையைக் கூட்டுகின்றது. முதலுதவி என்பது மனனஞ் செய்யும் சடங்கு அன்று. காரணத்தை அறிந்து செய்யும் செயல்.

எந்தக் கடிக்கும் செய்யக்கூடாதவை: கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், சுடுதல்.

8. நஞ்செதிரி

நஞ்செதிரி என்பது குறித்த நஞ்சுடன் சேர்ந்து அதனைச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரிகளைக் கொண்ட மருந்தாகும். ஒரு விலங்கிற்கு நஞ்சைச் சிறுசிறு அளவாகப் பலமுறை ஏற்றும்போது அதன் உடலில் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. குருதியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி நோயாளிக்கு ஏற்றுவர். வேறோர் அங்கியில் உண்டான பிறபொருளெதிரி பெறப்படுவதால் பாதுகாப்பு உடனே கிடைக்கும். ஆனால் நீடித்து நிற்காது. தடுப்பூசிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செம்முதுகுச் சிலந்திக்கான நஞ்செதிரி குதிரையைப் பயன்படுத்தி உருவாக்கப்பட்டு 1956 இல் பாவனைக்கு வந்தது. புனல்வலைச் சிலந்திக்கான நஞ்செதிரியை உருவாக்குவது எளிதாக இருக்கவில்லை. பல ஆண்டு முயற்சியின் பின், மெல்பேணில் பணியாற்றிய சதர்லாண்ட் குழுவினர் முயலைப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். அந்நஞ்சு முயலை அவ்வளவாகத் தாக்குவதில்லை என முன்னர் கண்டோமல்லவா? 1981 இன் தொடக்கத்தில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டு அவர் உயிர் பிழைத்தார். அதன்பின் இச்சிலந்தியால் ஏற்பட்ட மரணம் எதுவும் உறுதிப்படுத்தப்படவில்லை.

செம்முதுகுச் சிலந்தியின் கதை வேறு. 2014 இல் வெளியான ஓர் ஆய்வில் 224 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் வழமையான வலிநிவாரணி வழங்கப்பட்டது. ஒரு குழுவிற்கு அத்துடன் நஞ்செதிரியும், மற்றைய குழுவிற்குப் போலி மருந்தும் ஏற்றப்பட்டன. வலி குறைவதில் இரு குழுக்களுக்கிடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக நம்பப்பட்ட ஒரு மருந்தையும் கட்டுப்பாட்டுப் பரிசோதனைக்கு உட்படுத்துவதே விஞ்ஞான முறை என்பதற்கு இது சிறந்த உதாரணமாகும்.

9. புண் எல்லாம் சிலந்திக் கடியா?

சில சிலந்திகளின் நஞ்சு நரம்பையன்றி இழையத்தைத் தாக்கும். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் லொக்சோசீலிசு சாதிச் சிலந்திகளின் நஞ்சிலுள்ள ஒரு நொதியம் கலமென்சவ்வின் கொழுப்புப் பொருட்களைத் தாக்குவதால் தோல் இறந்து கறுத்துப் புண்ணாகும்.

இதனை அறிந்தோர் வேறு நாடுகளிலும் ஆறாத புண்களுக்கெல்லாம் சிலந்தி மீது பழி போட்டனர். அவுஸ்திரேலியாவில் வெண்வாற் சிலந்தி இவ்வாறு பழிக்கப்பட்டது. ஆனால் சிலந்தி பிடிக்கப்பட்டு இனங்காணப்பட்ட 130 கடிகளை ஆராய்ந்து 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வில் ஒன்றிலேனும் அத்தகைய புண் ஏற்படவில்லை.

நமது மொழியிலும் கட்டியையும் புண்ணையும் "சிலந்தி" என்று அழைக்கும் பழைய வழக்கு உண்டு. பெயரில் தவறில்லை, அதனை நம்பி வைத்தியரிடம் செல்லாது இருப்பதே தவறு. இலங்கையில் ஆறாத தோற்புண்ணிற்கு மணல் ஈயினாற் பரவும் லீஷ்மேனியா நோய் காரணமாக இருக்கலாம். நீரிழிவும் காரணமாக இருக்கலாம். காய்ச்சலுடன் உடலில் ஒரு கரிய பொருக்கும் காணப்பட்டால் அது சிற்றுண்ணியின் குடம்பியாற் பரவும் ஒருவகை உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இந்நோய் காணப்படுகின்றது. உரிய நுண்ணுயிர்கொல்லி மருந்தால் இது விரைவிற் குணமாகும். "சிலந்தி கடித்தது" என்று எண்ணிப் பத்திய மருந்துடன் நாட்களைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

10. இலங்கையில்

மேற்கூறிய புனல்வலைச் சிலந்தி நம் நாட்டில் இல்லை. செம்முதுகுச் சிலந்தியின் சாதியைச் சேர்ந்த ஓர் இனம் இலங்கையிலும் உண்டு. மரப்பொந்துகளில் வாழும் பொயெசிலோதீரியா சாதியைச் சேர்ந்த பெரிய மயிர்ச் சிலந்திகளும் இங்கு உள்ளன. மாங்குளப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட இச்சாதியின் ஓர் இனம் 2013 இல் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. இவை கடித்தால் கடும் வலி, வீக்கம், தசைப்பிடிப்பு ஏற்படலாம். தசைப்பிடிப்பு சில நாட்கள் கழித்தும் வரலாம்; ஆயினும் பொதுவாக உயிராபத்து இல்லை. இவை காடழிப்பால் அருகிவரும் உயிரினங்களாகும். கண்டவுடன் அடித்துக் கொல்லாது விலகிச் செல்லுங்கள்.

கடிபட்டால் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, குளிர் ஒத்தடம் கொடுத்து, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறல், மிகையான வியர்வை, தசைத் துடிப்பு என்பன தோன்றினால் 1990 எனும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையை அழையுங்கள். கடித்தது இன்னதென்று தெரியாவிடின் பாம்பாகவும் இருக்கலாம் என்று கருதித் தாமதியாது செல்லுங்கள். பாம்பு நஞ்செதிரி சிலந்தி நஞ்சிற்குப் பயன்படாது. பிறபொருளெதிரி குறித்த பொருளுக்கே உரியது. எனவே எது கடித்தது எனப் பார்த்தவர் அதன் தோற்றத்தைச் சரியாகக் கூறுவது வைத்தியருக்குப் பேருதவியாகும்.

மாதிரி வினாக்கள்

1. சிலந்தியைப் பூச்சியிலிருந்து வேறுபடுத்தும் இயல்புகள் இரண்டு தருக.
2. புனல்வலைச் சிலந்தி கடித்தவருக்கு வியர்வையும் உமிழ்நீரும் மிகையாகச் சுரப்பது ஏன்?
3. செம்முதுகுச் சிலந்திக் கடிக்குப் பந்தனம் இடலாகாது. காரணங்கள் இரண்டு தருக.
4. நஞ்செதிரியால் கிடைக்கும் பாதுகாப்பு நீடித்து நிற்பதில்லை. விளக்குக.

விடைக்கான குறிப்புகள்

1. நான்கு சோடிக் கால்கள். உடல் இரு பகுதிகள். உணர்கொம்பு இன்மை (ஏதாவது இரண்டு).
2. சோடியம் கால்வாய்கள் மூடாமை → கணத்தாக்கம் ஓயாது செல்லல் → ஊடுகடத்தும் பதார்த்தம் மிகையாக வெளிவிடப்படல் → சுரப்பிகள் தொடர்ந்து தூண்டப்படல். இவ்வொழுங்கிலேயே எழுதுக, ஒரு படியை விட்டாலும் புள்ளி குறையும்.
3. நஞ்சு மெதுவாகப் பரவுவதால் உடனடி உயிராபத்து இல்லை. அமுக்கம் வலியைக் கூட்டும்.
4. பிறபொருளெதிரி வேறோர் விலங்கில் உண்டானது. நோயாளியின் உடல் அதனைத் தானே உற்பத்தி செய்வதில்லை. ஏற்றப்பட்டவை காலப்போக்கில் அழிந்துவிடும்.

இனி ஒருமுறை பக்கத்தை மூடிவைத்து, 6 ஆம் பகுதியிலுள்ள ஒப்பீட்டை நீங்களே எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் "ஏன்?" என்று கேட்டு விடை சொல்ல முடிந்தால் இப்பாடம் உங்களுடையது.